ஏழு வருடம் ஒரே நொதியைப் பார்த்தவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

"உயிர்வேதியியலில் பிஎச்.டி முடித்து இரண்டாவது போஸ்ட்டாக்கில் (பிஎச்.டிக்குப் பிந்தைய ஒப்பந்த ஆராய்ச்சிப் பணி) இருக்கிறேன். வயது 34. ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது. பேராசிரியர் வேலைக்கு 19 விண்ணப்பம் போட்டும் ஒன்றும் அமையவில்லை. வெளியே என்னென்ன வேலைகள் உண்டு? ஒரே நொதியை ஏழு வருடம் பார்த்த என்னை யார் எடுப்பார்கள்? கைடிடம் எப்போது சொல்வது?" இவ்வளவுதான் நீங்கள் கேட்டிருப்பது. முதல் கேள்விக்குப் பட்டியல் தேடினால் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும், அதை நீங்கள் ஏற்கெனவே தேடியும் இருப்பீர்கள். உங்களைத் தூங்கவிடாதது நடுவில் உள்ள கேள்வி. "லேபை விட்டு வெளியே வந்தால் நான் எதற்காவது பயன்படுவேனா, இல்லை இத்தனை வருடமும் வீண்தானா" என்று கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதிலிருந்து ஆரம்பித்தால் மற்ற இரண்டுக்கும் வழி தெரியும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே எடைபோட வசதியாக இருக்கும். லேசர் நிறமாலையியலில் பிஎச்.டி, அப்புறம் ஒரு போஸ்ட்டாக். பிறகு பகுப்பாய்வுக் கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அப்ளிகேஷன் சயின்டிஸ்ட்டாகச் சேர்ந்தேன். 16 வருடம் ஆகிறது. கடைசி ஒன்பது வருடமாக இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பிஎச்.டி முடித்தவர்களை எடுக்கிறேன், திருப்பியும் அனுப்புகிறேன். கருவி நிறுவனங்கள், மருந்து நிறுவன லேப்கள் பற்றி நான் சொல்வது கைப்பட்ட அனுபவம். காப்புரிமை, மருந்து அனுமதி வேலைகளை அவற்றில் இருக்கும் நண்பர்கள் வழியாக அறிவேன். நிதித்துறையையும் ஆலோசனை நிறுவனங்களையும் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று. பேராசிரியர் ஆகாதது விபத்து இல்லை, அதுதான் பெரும்பாலோருக்கு நடப்பது. பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2010-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு படம் உண்டு. அறிவியலில் பிஎச்.டி முடித்தவர்களில் 53 சதவீதம் பேர் முடித்த கையோடு அறிவியலுக்கு வெளியே போகிறார்கள். பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆராய்ச்சிப் பணிக்கு வந்து சேர்பவர்கள் 3.5 சதவீதம். பேராசிரியர் ஆகிறவர்கள் 0.45 சதவீதம், அதாவது ஆயிரம் பேரில் நாலைந்து பேர். இது ஒரு நாட்டின், ஒரு காலகட்டத்தின் கணக்கு. உங்கள் துறைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பல நாட்டுக் கணக்கிலும் படத்தின் வடிவம் ஏறக்குறைய இதுதான்: அகலமான வாய், ஊசி மாதிரி நுனி. நூறு பேரில் மூன்று நான்கு பேர் போகிற வழியைப் பிரதான சாலை என்றும், மீதிப் பேர் போவதை "மாற்றுப் பாதை" என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். லேபில் நம்மைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் எல்லோருமே அந்த மூன்று நான்கு பேர்தான், வேறு யாரையும் நாம் பார்ப்பதில்லை. அந்தச் சொல் அங்கிருந்துதான் வந்தது.

வெளியே போனால் அறிவியல் முடிந்தது என்பதும் உண்மை இல்லை. இர்விங் லாங்மியூர் கல்லூரியில் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு 1909-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1932-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றது அங்கே செய்த வேலைக்காக. நீங்கள் தினமும் பயன்படுத்தும் பிசிஆர், அதாவது டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் முறை, 1983-ல் சீட்டஸ் என்ற தனியார் நிறுவனத்தில் கேரி முல்லிஸ் கண்டது. டேவிட் ஷா கதை இன்னும் சுவையானது. கொலம்பியாவில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர் 1986-ல் நிதித்துறைக்குப் போனார், 1988-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். பல வருடம் கழித்து அறிவியலுக்குத் திரும்பி, புரதங்களின் அசைவைக் கணக்கிட ஆன்டன் என்ற தனிக் கணினியையே கட்டினார். அவருடைய ஆய்வு நிறுவனத்தில் பிஎச்.டிக்கு முன்பே சில வருடம் வேலை பார்த்த ஜான் ஜம்பர், 2017-ல் பட்டம் வாங்கிய கையோடு டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தில் சேர்ந்து, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024-ல் நோபல் பரிசு பெற்றார். இதெல்லாம் மலை மேல் இருப்பவர்களின் கதை. இதை வைத்து யாரும் திட்டம் போட வேண்டாம், நானும் போடவில்லை. கதவு இரண்டு பக்கமும் திறக்கக்கூடியது என்று காட்டத்தான் சொன்னேன்.

இப்போது உங்கள் நடுக் கேள்வி. அதற்கு என் முதல் இன்டர்வியூவே பதில். 54 ஸ்லைடு கொண்டுபோயிருந்தேன். என் ஆய்வேட்டின் மூன்று அத்தியாயமும் அதில் இருந்தன. முப்பதாவது ஸ்லைடு வாக்கில், ஓரமாக உட்கார்ந்திருந்த உற்பத்திப் பிரிவு மேலாளர் கையைத் தூக்கினார். "நல்லா இருக்கு. திங்கட்கிழமை காலை எங்க லேபுக்கு வந்தா நீங்க முதல்ல என்ன செய்வீங்க?" என்றார். அது என் வேலையைக் குறைத்துப் பேசும் கேள்வி என்று நினைத்துக்கொண்டு, பத்து நிமிடம் கோட்பாட்டை மறுபடி விளக்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கிருந்து பதிலே வரவில்லை. ரொம்ப நாளைக்கு அவர் மேல் எனக்குக் கோபம். இப்போது நான் எல்லோரையும் அதே கேள்விதான் கேட்கிறேன்.

அவர் கேட்டதில் என் ஆய்வுத் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை, அதைக் கவனியுங்கள். உங்களை எடுப்பவருக்கு உங்கள் நொதி வேண்டியதில்லை. அந்த நொதியோடு மல்லுக்கட்டிய ஏழு வருடத்தில் தினமும் செய்தீர்களே, வேலை என்றே கணக்கில் சேர்க்காத சில்லறைக் காரியங்கள், அவைதான் அவருக்கு வேண்டும். சிக்கல் என்னவென்றால், அவற்றை நாம் ரெஸ்யூமேயில் எழுதுவதே இல்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு பெண் ரெஸ்யூமே அனுப்பியிருந்தார். முதல் வரி: "ஒரு நொதியின் வினைவேகவியலை ஸ்டாப்டு ஃப்ளோ முறையில் ஆராய்ந்தேன், மூன்று கட்டுரைகள்." சரி, இதை வைத்து என்ன முடிவு செய்வது? நேரில் வந்தபோது, "போன வருடம் உங்களை அதிகமாகப் படுத்தியது எது?" என்று கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டார். ஒவ்வொரு முறை புரதம் தயாரிக்கும்போதும் அதன் செயல்திறன் ஒவ்வொரு மாதிரி வந்ததாம், 40 சதவீதம் வரை ஏற்ற இறக்கம். நாலு மாதம் கைடு உட்பட எல்லோரும் சுத்திகரிப்பில்தான் தப்பு என்று அதையே மாற்றி மாற்றிச் செய்திருக்கிறார்கள். இவர் பழைய நோட்டுகளை எடுத்து, எந்தக் குழாய் எத்தனை முறை உறைந்து உருகியது என்று ஒரு அட்டவணை போட்டிருக்கிறார். விஷயம் வெளியே வந்துவிட்டது. சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து ஒரே முறை உருக்கிப் பயன்படுத்த ஆரம்பித்ததும் ஏற்ற இறக்கம் 10 சதவீதத்துக்குள் வந்திருக்கிறது. அந்த முறையை எழுதி வைத்து நான்கு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறார். "இது ஏன் ரெஸ்யூமேயில் இல்லை?" என்றேன். "இது ஆராய்ச்சி இல்லையே சார், தொந்தரவுதானே" என்றார்.

அந்தத் தொந்தரவுக்குத்தான் சம்பளம். தயாரிப்பு தொகுதிக்குத் தொகுதி மாறுவதன் மூல காரணத்தைக் கண்டுபிடிப்பது, அதற்கு ஆதாரம் வைத்திருப்பது, சரிசெய்த முறையை மற்றவரும் செய்யும்படி எழுதுவது: மருந்து, உணவு, ரசாயனம், மின்கலம் என்று எதை உற்பத்தி செய்யும் இடத்திலும் இதற்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. அவருடைய முதல் வரியை இப்படி மாற்றச் சொன்னேன்: "புரதத் தயாரிப்பில் தொகுதிகளுக்கு இடையே இருந்த 40 சதவீத வேறுபாட்டுக்குக் காரணம் திரும்பத் திரும்ப உறைந்து உருகுவது என்று கண்டறிந்து, சேமிப்பு முறையை மாற்றி 10 சதவீதத்துக்குள் கொண்டுவந்தேன். நான்கு பேர் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்." எங்களிடம் அவருக்குப் பொருத்தமான இடம் இல்லை. வேறொரு நிறுவனத்தின் செயல்முறை மேம்பாட்டுப் பிரிவில் இப்போது இருக்கிறார். ரெஸ்யூமே இரண்டு பக்கம் போதும். கட்டுரைப் பட்டியலில் மூன்று இருந்தால் தாராளம். மேலே நான் சொன்ன மாதிரி நான்கைந்து வரி தேறுகிறதா என்று பாருங்கள். உடனே நினைவுக்கு வராது. பழைய லேப் நோட்டை எடுத்து, நொந்துபோய் எழுதிய பக்கங்களைப் பாருங்கள், அங்கே இருக்கும்.

வேலைகள் பற்றிச் சொல்கிறேன். உங்கள் துறைக்கு முதலில் தோன்றுவது மருந்து, உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவு. அதை நீங்களே யோசித்திருப்பீர்கள், போட்டியும் அங்கேதான் அதிகம். அதே கட்டடத்தில் கொஞ்சம் தள்ளி இருக்கும் பகுப்பாய்வு முறை மேம்பாடு, தரக் கட்டுப்பாடு, உற்பத்திச் செயல்முறை ஆகியவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "க்யூசியா? அது டிகிரி முடிச்சவங்க வேலை" என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பகுப்பாய்வு முறை சரியாக அளக்கிறது என்று நிரூபித்து, அதை ஒழுங்குமுறை அமைப்பு ஏற்கும்படி ஆவணப்படுத்துவது எளிய வேலை இல்லை. அங்கே தலைமைப் பொறுப்பில் பிஎச்.டிகள் நிறையவே இருக்கிறார்கள்.

என் வேலையான அப்ளிகேஷன் சயின்டிஸ்ட் பற்றி யாருமே மாணவர்களிடம் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாடிக்கையாளர் தன் மாதிரியை அனுப்புவார், "உங்கள் கருவி இதை அளக்குமா?" என்று கேட்பார். அளந்து பார்த்து, முடியும் அல்லது முடியாது என்று சொல்ல வேண்டும். முடியும் என்றால் அவர் லேபுக்கே போய், அவர் ஆட்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும். ஒரு வாரம் ஒரு சிமென்ட் ஆலை, அடுத்த வாரம் தடயவியல் லேப், அதற்கடுத்து உங்களைப் போன்ற ஒருவரின் பல்கலைக்கழக லேப். ஒரே விஷயத்தில் ஆழமாகப் போக முடியாது. ஆழம்தான் வேண்டும் என்பவருக்கு இது நரகம். நான் எளிதில் சலித்துப் போகிற ஆள், எனக்குச் சொர்க்கம். ஒரு கருவி பழுதானால் சர்வீஸ் இன்ஜினியர் வரும்வரை காத்திருக்காமல் மூடியைத் திறந்து பார்க்கிறவரா நீங்கள்? அப்படியானால் இந்தப் பக்கம் யோசியுங்கள்.

காப்புரிமை வேலையும் அறிவியல் படித்தவர்களுக்கென்றே இருப்பதுதான். அமெரிக்காவில் காப்புரிமை முகவராக, அதாவது கண்டுபிடித்தவருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவராக, சட்டப் பட்டம் தேவையில்லை. அறிவியல் அல்லது பொறியியல் பட்டத்தோடு காப்புரிமை அலுவலகத் தேர்வில் தேறினால் போதும். ஐரோப்பாவில் தகுதி பெற்ற ஒருவரிடம் சில வருடம் பயிற்சி பெற்று, கடினமான ஒரு தேர்வையும் எழுத வேண்டும். நாளெல்லாம் வாசிப்பும் எழுத்தும்தான், பிப்பெட்டைத் தொடவே மாட்டீர்கள். ஐன்ஸ்டைன் 1902-லிருந்து 1909 வரை பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் இருந்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. 1905-ல் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேடு ஏற்கப்பட்ட பிறகும் நான்கு வருடம் அங்கேயே இருந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மருந்து அனுமதி சார்ந்த பணிகளில் உங்களைப் போன்றோருக்கு இடம் அதிகம். ஒரு மருந்துக்கு அனுமதி கேட்டுச் சமர்ப்பிக்கும் கோப்பு ஐந்து தொகுதிகளாக இருக்கும். முதல் தொகுதி நாட்டுக்கு நாடு மாறும், மீதி நான்கும் பெரும்பாலும் பொது. ஆயிரக்கணக்கான பக்கம். அதில் ஒவ்வொரு எண்ணும் மூலத் தரவோடு பொருந்த வேண்டும். அதை எழுதுபவர்கள், சரிபார்ப்பவர்கள், ஒழுங்குமுறை அமைப்பின் கேள்விக்குப் பதில் தயாரிப்பவர்கள் என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. இன்னொன்று மெடிக்கல் சயின்ஸ் லயசன், மருத்துவ அறிவியல் தொடர்பாளர். அப்ஜான் நிறுவனம் 1967-ல் தொடங்கியது என்பார்கள். மருந்தை விற்காமல், அதன் ஆய்வுத் தரவுகளைப் பற்றி மூத்த மருத்துவர்களோடு பேசும் வேலை. பேச்சும் பயணமும் பிடிக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் மூன்றே வருடத்தில் பயணம் தாங்காமல் அலுவலக வேலைக்கு மாறிவிட்டார்.

தரவு அறிவியலைப் பற்றி ஒன்று மட்டும். பைத்தானில் வரைபடம் போடத் தெரியும் என்பது அங்கே போதாது. எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தரவு எடுக்கும் மொழி) தெரியாத, கிட் (நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பயன்படுத்தாத பிஎச்.டி விண்ணப்பங்கள் முதல் சுற்றிலேயே கழிந்துவிடும் என்று எங்கள் தரவுப் பிரிவில் சொல்கிறார்கள். இரண்டும் கற்றுக்கொள்ளக் கூடியவை, எட்டு மாதத்தில் தாராளமாக முடியும். ஆலோசனை நிறுவனங்கள் கேஸ் இன்டர்வியூ என்று ஒன்று வைப்பார்கள், ஒரு வியாபாரச் சிக்கலைக் கொடுத்து அங்கேயே அலசச் சொல்வது. அதற்குத் தனியாகப் பழக வேண்டும். கொள்கை உருவாக்கத்தில் ஆர்வம் என்றால், அமெரிக்காவில் ஏஏஏஎஸ் என்ற விஞ்ஞானிகள் சங்கம் 1973-லிருந்து விஞ்ஞானிகளை அரசுக்குள் அனுப்பும் ஒரு ஃபெலோஷிப் நடத்துகிறது. அதற்குக் குடியுரிமை நிபந்தனை உண்டு, முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, நீங்களும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வேலையில் இருப்பவரிடம் இருபது நிமிடம் பேசினால்தான் தெரியும். யாரிடம் பேசுவது? நெருங்கிய நண்பர்களிடம் போகாதீர்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரையே இதைப் பற்றித்தான்: தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தகவல் எப்போதாவது சந்திக்கும் ஆட்களிடமிருந்து வந்திருந்தது. 2022-ல் லிங்க்ட்இனில் இரண்டு கோடிப் பேரின் தரவை வைத்து இதையே சோதித்து, சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். வேலை மாற உதவியது ஓரளவு தூரத்துப் பழக்கம்தான் என்று வந்தது. ஆக, உங்கள் லேபில் ஐந்து வருடம் முன்பு இருந்துவிட்டுப் போன சீனியர், மாநாட்டில் பக்கத்துப் போஸ்டரில் நின்றவர், உங்கள் கருவிக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். இவர்களுக்கு இப்படி நாலு வரி போதும்: "வணக்கம். 2019 மாநாட்டில் உங்கள் போஸ்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். இப்போது நீங்கள் மருந்து அனுமதிப் பிரிவில் இருப்பதாகப் பார்த்தேன். அந்த வேலை எப்படி இருக்கும் என்று இருபது நிமிடம் பேச முடியுமா? வேலை கேட்டு எழுதவில்லை." பத்துப் பேருக்கு எழுதினால் மூன்று பேராவது பேசுவார்கள், என் அனுபவத்தில். பேசும்போது "உங்கள் வேலை எப்படி?" என்று கேட்டால் பொதுவாக ஏதோ சொல்வார்கள். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவர் காலை முழுக்க நான்கு மீட்டிங், மதியம் ஒரு அட்டவணையில் எண்களைச் சரிபார்த்தேன் என்பார். அதைக் கேட்டு உங்கள் மனசு சுருங்குகிறதா, பரவாயில்லையே என்கிறதா? அந்த உணர்வை நம்பலாம். போனை வைக்கும் முன் "நான் இன்னும் யாரிடம் பேசலாம்?" என்பதை மறக்காதீர்கள்.

"அதிகத் தகுதி" என்று திருப்பி அனுப்புவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கவலைகளை நான் அறிவேன், எனக்கே வந்தவை. பேராசிரியர் வேலை கிடைத்ததும் ஓடிவிடுவாரோ, ஒரே மாதத்தில் சலித்துவிடுமோ, தன்னைவிட நாலு வயது சின்ன மேலாளர் சொன்னால் கேட்பாரோ. யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "ஏன் ஆராய்ச்சியை விடுகிறீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். "19 இடத்தில் கிடைக்கவில்லை" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. "உங்கள் பிரிவில் மூன்று பேரிடம் பேசினேன், இந்தப் பகுதி வேலை எனக்குப் பிடிக்கிறது, காரணம் இது" என்று சொல்கிறவரிடம் எனக்கு அந்தக் கவலை வருவதில்லை. அப்படிச் சொல்ல, மேலே சொன்ன மூன்று பேரிடம் நிஜமாகவே பேசியிருக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு ஒரு பழக்கத்தை விடுவது கடினம். என் இரண்டாவது மாதத்தில், மாத்திரையில் தங்கும் கரைப்பானை அளக்கத் தன் பழைய முறையே போதுமா, மாற்ற வேண்டுமா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். பிழை எல்லைகள், ஒப்பீட்டு வரைபடங்கள், இரண்டு மாற்று வழிகள் என்று 11 பக்கம் எழுதி, மூன்று நாள் தாமதமாகக் கொடுத்தேன். என் மேலாளர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, அங்கேயே போனை எடுத்து, "பழைய முறையே போதும், மாத்த வேண்டாம்" என்று வாடிக்கையாளரிடம் சொன்னார். வைத்துவிட்டு என்னிடம், "அவருக்கு இது செவ்வாய்க்கிழமை வேண்டியிருந்துச்சு" என்றார். அந்த 11 பக்கத்தை யாரும் படிக்கவில்லை. கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லவில்லை. முதல் ஆசிரியராகப் பெயர் வராது, பல வேலைகளைப் பற்றி வெளியே பேசவே முடியாது, நன்றாக ஓடும் திட்டத்தை வியாபாரக் காரணத்துக்காக ஒரே மின்னஞ்சலில் நிறுத்துவார்கள். இதெல்லாம் போகப் போகப் பழகும் என்பார்கள். திட்டத்தை நிறுத்துவது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

இனி, அடித்துச் சொல்ல முடியாதவை. செயற்கை நுண்ணறிவால் எழுத்து வேலைகளும் தரவு வேலைகளும் என்ன ஆகும் என்பதில் என் ஊகம் இதுதான்: முதல் வரைவு எழுதும் ஆட்கள் குறைவார்கள், அதில் தவறு கண்டுபிடிக்கிறவர் தேவைப்படுவார். ஊகம்தான், இதை நம்பி வேலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டாவது போஸ்ட்டாக் உங்களுக்குப் பாதகமா? நான் எடுத்தவர்களில் இரண்டு முடித்தவர்களும் உண்டு. மூன்றாவது வந்தால் "ஏன்?" என்று கேட்பேன். மற்ற நிறுவனங்களில் எப்படியோ. திரும்பப் பல்கலைக்கழகத்துக்கு வர முடியுமா? கட்டுரைகள் நின்றுவிட்டால் நாலைந்து வருடத்தில் கதவு பெரும்பாலும் ஒடுங்கிவிடுகிறது. கணினி, பொறியியல் சார்ந்த துறைகளில் கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது. உங்கள் துறையில், நிறுவனத்தில் இருந்துகொண்டே கட்டுரை வெளியிட முடிகிற இடமாகப் பார்த்துச் சேர்ந்தால் ஒழிய எளிதில்லை. இதை மறைத்து "எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்" என்று ஆறுதல் சொல்வது சரியில்லை.

கால அளவு: விண்ணப்பிக்க ஆரம்பித்ததிலிருந்து கையில் வேலை வர நான்கிலிருந்து ஒன்பது மாதம் ஆனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்களிடம் எட்டு மாதம் இருக்கிறது, அதனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். பேசுவது முதல் இரண்டு மாதம், விண்ணப்பம் அதற்குப் பிறகு. வேறு நாட்டில் விசாவில் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். உதாரணமாக அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் தரும் எச்-1பி என்ற வேலை விசா, வருடத்துக்கு இத்தனை என்ற வரம்புக்குள் வராது, தனியார் நிறுவனத்துக்கு மாறினால் அந்த வரம்புக்குள் வரவேண்டியிருக்கும். அங்கே இருக்கிறீர்கள் என்றால் என் பேச்சை விட்டுவிட்டு முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். சம்பளம் சொல்லும்போது போஸ்ட்டாக் சம்பளத்தை மனதில் வைத்து உடனே தலையாட்டிவிடாதீர்கள். "யோசித்து நாளை சொல்கிறேன்" என்று சொன்னதற்காக யாரும் வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

கடைசியாகக் கைடு. பிறரிடம் பேசிப் பார்க்கும் கட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பம் போட ஆரம்பிக்கும்போது, பரிந்துரைக்கு அவரை யாராவது கூப்பிடுவதற்கு முன்பு, உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் அதிகாரத்தை வைத்து மிரட்டுகிறவர் என்றால் கையில் ஆஃபர் வந்த பிறகு சொல்லலாம், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். சொல்லும்போது நீங்கள் பாதியில் விட்டுப் போகிற வேலையை யார், எப்படி முடிப்பார்கள் என்ற திட்டமும் கையில் இருந்தால் பேச்சு சுமுகமாக முடியும். நான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சொன்னேன். துரோகி என்ற தோரணையில் ஏதாவது கேட்பார் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த லேசர் அலைன்மென்ட் உனக்கு மட்டும்தானே தெரியும்? யாருக்குச் சொல்லிக்கொடுக்கப் போறே?" என்றார். அடுத்த மூன்று வாரம் அதைத்தான் எழுதினேன். 14 பக்கம், எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பவே கூடாது என்பது வரை. அந்த லேபில் இன்னும் அதை வைத்துத்தான் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்வி.